ஏட்டில் ஏறாத பதக்கங்கள்: அப்பாவின் சேவைப் பதிவைத் திருத்தும் வழி

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய தந்தைக்கு இப்போது வயது 88. 1955-இல், பதினெட்டு வயதில், பெடரேஷன் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். 1960-க்குப் பிறகு ரெக்கி எனப்படும் வேவுப் படைப்பிரிவில் பணியாற்றி 1967-இல் படையைவிட்டு விடுபட்டவர். 1966-இல் ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் அவர் மார்பில் மூன்று பதக்க நாடாக்கள் இருக்கின்றன. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பதக்கம். படையைவிட்டு விடுபடும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கான இடத்தில் எழுதியிருப்பதும் அந்த ஒன்று மட்டுமே. காங்கோவில் அணிவகுப்பு வைத்துக் கொடுத்த பதக்கம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. மூன்றாவது நாடா எதற்கு உரியது என்பது பெரியவருக்கே இப்போது நினைவில்லை. ஓர் அலுவலக முகப்பில் போய்க் கேட்டதற்கு, "பதிவில் இல்லாததை நாங்கள் எப்படி எழுத முடியும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இனி எங்கே போவது, யாருக்கு எழுதுவது என்பதே கேள்வி.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். தரைப்படையில் இருபத்தொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அணியின் அலுவலகமான ஆர்டர்லி ரூமில், வீரர்களின் பதிவுத்தாள்களோடு கழிந்தது. ஓய்வுக்குப் பிறகும் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு வருவதுண்டு. அப்படிப் பார்த்துப் பழகியதை வைத்து இந்தப் பதிலைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "அப்பாவுக்கு வர வேண்டிய பதக்கத்தைக் கொடுங்கள்" என்று எழுதினால் காரியம் நடக்காது. சேவைப் பதக்கம் வீரச் செயலுக்காகக் கொடுக்கும் விருது அன்று. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அணியில் பணியில் இருந்ததற்கான அடையாளம். எனவே நீங்கள் நிறுவ வேண்டியது நாளையும் இடத்தையும்தான். அந்த இரண்டும் ஏட்டில் ஏறிவிட்டால் பதக்கத்தை மறுப்பதற்குக் காரணம் இருக்காது. அவை ஏறாதவரை எத்தனை படங்களைக் காட்டினாலும், எத்தனை பேரை அழைத்துக்கொண்டு போனாலும், முகப்பில் இருப்பவரால் ஒன்றும் செய்ய இயலாது. அவர் சொன்ன பதில் மனத்தைப் புண்படுத்தியிருக்கும் என்பதை அறிவேன். ஆனால் அவர் பார்த்த பதிவே மூலப் பதிவு என்று எண்ணிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் பிடிமானம் கிடைப்பதே அங்கேதான்.

படையில் ஒரு வீரரைப் பற்றிய எந்த மாற்றமும் முதலில் "பார்ட் டூ ஆர்டர்" என்று நாங்கள் சொல்லும் இரண்டாம் பாகக் கட்டளையில் வெளியாகும். பிரிட்டிஷ் படையிடமிருந்து நமக்கு வந்த வழக்கம் இது. முதல் பாகத்தில் அன்றைய கடமைகளும் அணிவகுப்பு நேரமும் இருக்கும். இரண்டாம் பாகத்தில் ஆளைப் பற்றிய செய்திகள் இருக்கும்: சேர்ந்தது, மாற்றலானது, மருத்துவமனையில் இருந்தது, விடுப்பில் போனது, திருமணம் செய்தது, குழந்தை பிறந்தது, பதவி உயர்ந்தது, தண்டனை பெற்றது. அந்தக் கட்டளையைப் பார்த்து ஆவணப் பிரிவிலுள்ள எழுத்தர், வீரரின் பதிவுத்தாளில் ஒரு வரி எழுதுவார். வீரர் விடுபடும் நாளில் அந்தப் பதிவுத்தாளைப் பார்த்து வேறோர் எழுத்தர் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நிரப்புவார். ஆகவே உங்கள் கையில் இருக்கும் புத்தகம் நகலுக்கு எடுத்த நகல். அதில் இல்லாத வரி பதிவுத்தாளில் இருக்கலாம். பதிவுத்தாளில் இல்லாத வரி கட்டளையில் இருக்கலாம்.

இந்த இரண்டு படிகளில் எங்கே வரி விடுபடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் படையில் சேர்ந்த புதிதில், 1960-களின் பழைய பதிவுத்தாள்களைப் புதிய அட்டைகளுக்கு மாற்றி எழுதும் வேலையை எங்கள் மூவரிடம் கொடுத்தார்கள். பழைய தாள்களில் பதக்கத்துக்கான கட்டம் பின்பக்கத்தின் அடியில், தண்டனைகளுக்கான கட்டத்துக்கும் கீழே, மிகச் சிறியதாக இருக்கும். தாளை மடித்துவைத்த கோடு அந்தக் கட்டத்தின் மேலேயே விழுந்து, எழுத்து உரிந்து போயிருக்கும். ஒருநாள் மாலை தலைமை எழுத்தர் என்னுடைய அட்டைகளைச் சோதித்துப் பார்த்து, பதினோரு பேருடைய பதக்க வரி விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அன்று அவர் சோதித்ததால் திருத்தினேன். யாரும் சோதிக்காத அட்டைகள் எத்தனை இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வரி விடுபடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஓர் அணியிலிருந்து ஸ்குவாட்ரன் எனப்படும் ஓர் உட்பிரிவு மட்டும் பிரிந்து வெளிநாடு போகும்போது, போனவர்களைப் பற்றிய செய்திகள் தாய் அணியின் கட்டளையில் வராமல், அவர்கள் போய்ச் சேர்ந்த தலைமையகத்தின் கட்டளையில் வெளியாகும். தற்காலிகமாக வேறோர் அணியோடு சேர்க்கப்பட்டு அட்டாச்மெண்டில் போனவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. இரண்டு அணிகளும் மற்றது எழுதிக்கொள்ளும் என்று விட்டுவிடும். பதக்கப் பட்டியல் தயாராகி ஒப்புதல் பெற்று வருவதற்குள் ஆள் வேறு முகாமுக்கு மாறியிருப்பார், அல்லது வீட்டுக்கே போயிருப்பார். உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேர முடிந்த காலத்தில், எல்லா இனத்தாருக்கும் என்று 1952-இல் தொடங்கிய காலாட்படை பெடரேஷன் ரெஜிமெண்ட். 1960-இல் அதையும் பெடரேஷன் கவச வாகன ரெஜிமெண்டையும் இணைத்தே ரெக்கி படைப்பிரிவை உருவாக்கினார்கள். அணி மாறும்போது காகிதங்களும் கைமாறும். அதற்கு அடுத்த ஆண்டே அவர் காங்கோவுக்குப் போயிருக்கிறார் என்றால், வரி விடுபட்டதில் எனக்கு வியப்பில்லை.

இனி மூன்று நாடாக்களுக்கும் தனித்தனியே வருகிறேன். மூன்றையும் ஒரே கோரிக்கையாகக் கட்டிவிடாதீர்கள். கொடுத்தவர்கள் வேறு, ஆதாரமும் வேறு.

வீட்டில் இருக்கும் பதக்கம், நீங்கள் வர்ணித்திருப்பதைப் பார்த்தால், பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம். நாடாவின் இரு ஓரமும் ஊதா, நடுவில் பச்சை. முன்புறம் ராணியின் தலை. நாடாவின் மேல் "மலாயா" என்று பொறித்த குறுக்குப் பட்டை. அந்தப் பட்டைக்குரிய காலம் 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை. தொடக்க நாள், சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். கடைசி நாள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அறிவித்த அவசரகாலம் முடிவுக்கு வந்த நாள். நாம் ஆண்டுதோறும் ஹாரி பாஹ்லவான் என்ற வீரர் தினத்தைக் கொண்டாடுவது அந்த ஜூலை 31-இல்தான். இந்தப் பதக்கம் ஏட்டிலும் இருக்கிறது, கையிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், மற்ற இரண்டையும் நிறுவுவதற்கு இதுவே முதல் சாட்சி என்பதுதான். இந்தப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவருடைய எண், பதவி, பெயர், அணி ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். வெயில் வெளிச்சத்தில் ஒரு மெல்லிய துணியின் மேல் பதக்கத்தை நிறுத்திப் பிடித்து, உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்டே மெதுவாக உருட்டுங்கள். எழுத்து ஒரு நெல்மணி அளவுக்குக் கூட இருக்காது. சில எழுத்துகள் பாதி தேய்ந்திருக்கும். தேய்ந்திருந்தால் மென்மையான பென்சிலால் மெல்லிய தாளில் அச்செடுங்கள். எக்காரணம் கொண்டும் பிராசோ போன்ற பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். பதக்கம் வெள்ளி, பழைய வீரர்கள் ஆண்டுதோறும் அணிவகுப்புக்கு முன் பளபளக்கத் தேய்த்தே விளிம்பை மழுக்கிவிட்ட பதக்கங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அந்த எண்தான் முக்கியம். படையில் பெயரைவிட எண்ணுக்கே நம்பகம் அதிகம். ஒரே அணியில் நான்கு முனியாண்டிகள் இருந்திருப்பார்கள். ஒரே எண்ணில் இருவர் இருக்க மாட்டார்கள்.

அடுத்தது காங்கோ. இந்த ஒன்றுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. 1960-இல் காங்கோ விடுதலை பெற்ற சில நாட்களிலேயே அங்கே குழப்பம் மூண்டபோது ஐக்கிய நாடுகள் சபை அமைதிப்படையை அனுப்பியது. நம் நாட்டிலிருந்து மலாயா சிறப்புப் படை 1960 முதல் 1963 வரை அங்கே பணியாற்றியது. ரெக்கி ஸ்குவாட்ரன்களும் அதில் இருந்தன. அந்தப் பணியில் 90 நாட்கள் இருந்தவர்களுக்கு ஐநா பதக்கம் உரியது. முன்புறத்தில் ஐநா சின்னமும், பின்புறத்தில் அமைதிப் பணியைக் குறிக்கும் ஆங்கில வாசகமும் இருக்கும்; பெயர் பொறிக்க மாட்டார்கள். ஆகவே தொலைந்த பதக்கம் நாளையே அலமாரிக்கு அடியில் கிடைத்தாலும் அது உங்கள் அப்பாவினுடையது என்று அதைக் கொண்டே நிறுவ முடியாது. இன்னொரு சிறு விவரம்: தொடக்கத்தில் காங்கோவுக்குத் தனி நாடா இல்லை. ஏற்கெனவே வேறொரு ஐநா பணிக்கு வழங்கிவந்த நாடாவிலேயே "காங்கோ" என்ற பட்டையைச் சேர்த்துக் கொடுத்தார்கள்; தனி நாடா 1963-இல் வந்தது. படத்தில் உள்ள நாடா இணையத்தில் காட்டும் காங்கோ நாடாவைப் போல் இல்லையே என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். 1961, 62-இல் போய் வந்தவர் பழைய நாடாவையே அணிந்திருப்பார்.

யார் யார் தகுதி பெற்றார்கள் என்ற பட்டியலை நாட்டுப் படைகளின் தலைமையே தயாரித்துக் கொடுத்தது. எனவே நியூயார்க்குக்கு எழுதிக் காத்திருப்பதைவிட நம் தற்காப்பு அமைச்சிடம் கேட்பதே சரியான வழி. 90 நாட்களை நிறுவுவதற்கு வீட்டிலேயே தேடுங்கள். காங்கோவுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, அனைத்துலகத் தடுப்பூசிச் சான்றாக ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதில் பெயர், தேதி, முத்திரை எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட் இல்லாமல் போன வீரருக்குப் பயணத்தின் சாட்சியாக எஞ்சியிருக்கக்கூடியது அதுதான், ஆனால் அதை யாரும் பதக்கத்தோடு சேர்த்து வைப்பதில்லை. பழைய மருந்துச் சீட்டுகளோடு கிடக்கும். அங்கிருந்து உங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் கடிதத்தைவிட உறையைப் பத்திரப்படுத்துங்கள்; அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும். உங்கள் அக்கா 1962 பிப்ரவரியில் பிறந்ததாகவும், பிறப்புச் சான்றிதழில் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தனியே பார்த்தால் அது எதையும் நிறுவாது. ஆனால் அந்தப் பிறப்பைப் பற்றிய செய்தி இரண்டாம் பாகக் கட்டளையில் கட்டாயம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் குடும்பப் படி அதைப் பொறுத்தது. எந்தத் தலைமையகத்தின் கட்டளையில் அது வெளியானதோ, அந்தத் தலைமையகத்தின்கீழ்தான் அன்று உங்கள் அப்பா இருந்தார். ஆவணப் பிரிவுக்கு எழுதும்போது இந்தத் தேதியைக் கொடுத்து, அதையொட்டி வெளியான கட்டளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது மாதக் கட்டளைகளைப் புரட்டச் சொன்னால் யாரும் புரட்ட மாட்டார்கள். இரண்டு மாதம் என்றால் ஒருவர் மனம் வைப்பார்.

மூன்றாவது நாடாவைப் பற்றி என் ஆலோசனை, அதற்கு நீங்களாகப் பெயர் சூட்டாதீர்கள் என்பதுதான். நம் ஆயுதப்படையின் பொதுச் சேவைப் பதக்கமான பிங்காட் பெர்கிட்மாத்தான் ஆம் ஆக இருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகத்தைக் கோரிக்கையாக எழுதி அது தவறாகிப்போனால், சரியாக எழுதிய காங்கோ விவரத்தின் மீதும் ஐயம் விழும். "அவருக்கு வழங்கப்பட்ட, அல்லது அவர் தகுதி பெற்ற எல்லாப் பதக்கங்களின் முழுப் பட்டியலைத் தர வேண்டுகிறோம்" என்று கேட்டால் போதும். படத்தைக் கைத்தொலைபேசியில் எடுக்காமல் நல்ல ஸ்கேனரில் பெரிதாக எடுத்து இணையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஊதாவும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும், ஆனால் கோடுகளின் அகலமும் வரிசையும் தெரியும். சொந்த நாட்டுப் பதக்கங்களை மார்பின் நடுப்பக்கமும், பிறர் கொடுத்தவற்றை அதற்கு வெளிப்பக்கமும் அணிவது வழக்கம் என்பதால் வரிசையும் ஒரு தடயம். படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும் ஆண்டும் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

இதே பிரச்சினையோடு வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால் அவர்களுக்கும் சில வரிகள். எங்கே கேட்பது என்று குழம்பும்போது நான் சொல்வது இதுதான்: அன்று சம்பளம் கொடுத்தது யாரோ, ஏடு அவரிடமே இருக்கும். மலாயாவிலேயே ஆள் எடுத்தாலும், பிரிட்டிஷ் படையின் சிக்னல்ஸ், போக்குவரத்து, பொறியியல் பிரிவுகளில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் நம் நாட்டுப் படையினர் அல்லர். அவர்களுடைய ஏடு பிரிட்டனுக்குப் போய்விட்டது. அங்குள்ள தற்காப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு வீரரோ, அவர் மறைந்திருந்தால் சட்டப்படி நெருங்கிய உறவினரோ விண்ணப்பிக்கலாம். 1963-க்குள் விடுபட்டவர்களின் ஏடுகளை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சிறிது சிறிதாக மாற்றிவருகிறார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கடற்படைக்காரர்களுக்கு இரண்டு வீடுகள் உண்டு. மலாயா கடற்படை சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டிருந்து, 1958 ஜூலை 1-இல்தான் கூட்டரசு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1954-இல் சேர்ந்து 1964-இல் விடுபட்டவருடைய சேவை அந்த நாளின் இருபுறமும் விழும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

பினாங்கில் சில வீடுகளில் இரண்டாம் உலகப் போர்க்காலத் தொண்டர் படைக் காகிதங்களும் உண்டு. நீரிணைக் குடியேற்றத் தொண்டர் படையின் மூன்றாவது பட்டாளம் பினாங்குக்கும் பிராவின்ஸ் வெல்லஸ்லிக்கும் (இன்றைய செபராங் பிறை) உரியது. 1941 டிசம்பர் 8 முதல் சிங்கப்பூர் விழும்வரை மலாயாவில் போர்ப்பணியில் இருந்தவர்களுக்குப் பசிபிக் நட்சத்திரம் உரியது. ஆனால் அந்தப் போரின் பதக்கங்களைப் பிரிட்டன் வீடு தேடி அனுப்பவில்லை. விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. ஜப்பானியர் காலத்தில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த எத்தனை பேர் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியிருப்பார்கள்? மேலும், பிரிட்டன் வழங்கிய அந்தப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெயர் கிடையாது. ஆகவே பெயர் இல்லாத நட்சத்திரத்தைப் போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இணையத்தில் "படைவீரர் பதிவு திருத்தம்" என்று தேடினால் முதலில் வருவன அமெரிக்காவின் படிவங்கள். டிடி 214, டிடி 149 என்றெல்லாம் இருக்கும். அங்கே பதிவுத் திருத்தத்துக்கென்றே வாரியம் உண்டு. தவறு தெரிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நியாயம் கருதி அந்தக் காலவரம்பை வாரியம் தளர்த்தலாம். 1973-இல் செயிண்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கு தீப்பிடித்து இலட்சக்கணக்கான ஏடுகள் அழிந்ததால், வேறு காகிதங்களிலிருந்து சேவையை மீட்டெழுதும் முறையை அவர்கள் நன்கு வளர்த்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் பயன் உண்டு. ஆனால் அந்தப் படிவத்தை இறக்கி நிரப்பி நம் அமைச்சுக்கு அனுப்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், ஓராண்டு வீணாகிப்போனது.

பிங்காட் ஜாசா மலேசியா பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவசரகாலத்திலும் மலேசியா உருவானதை இந்தோனேசியா எதிர்த்து மோதிய காலத்திலும் நமக்குத் துணைநின்ற பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் படையினருக்காக நம் அரசு ஏற்படுத்திய பதக்கம் அது. பிரிட்டன் 2006-இல் அதைப் பெற்றுக்கொள்ள மட்டும் தன் வீரர்களுக்கு அனுமதி கொடுத்தது. அணிந்துகொள்ளும் அனுமதி 2011-இல்தான் கிடைத்தது. நம் படையிலேயே இருந்த உங்கள் அப்பாவின் கோரிக்கையில் அதைச் சேர்க்க வேண்டாம். அதுபோலவே, அரசிதழில் பெயர் தேடுவதிலும் நாளைக் கழிக்க வேண்டாம். எஸ்பி (செரி பாஹ்லவான் காகா பெர்காசா), பிஜிபி (பங்லிமா காகா பெரானி) போன்ற வீர விருதுகள்தான் அரசிதழில் வரும். சேவைப் பதக்கங்கள் வருவதில்லை. லண்டன் அரசிதழிலும் இதே வழக்கம்தான்.

பெயரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனென்றால் நம்மவர் ஏடுகள் கிடைக்காமல் போவதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதலிடம் பெறும். உங்கள் அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் லெட்சுமணன் என்றும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் லட்சுமணன் என்றும் படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆள் எடுத்த அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பின்னால் வந்த எழுத்தர் தனக்குத் தெரிந்தபடி திருத்தியிருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், கடைசியில் வரும் தந்தை பெயரையே குடும்பப் பெயர் என்று எண்ணி, தாத்தாவின் பெயரின்கீழ் ஏட்டை அடுக்கிவிடுவது. எனவே கடிதத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலையும், தந்தை பெயரின்கீழும் தேட வேண்டும் என்ற வேண்டுகோளையும் எழுதுங்கள். பணியில் இருந்தபோது பேட் சி 10 என்ற படை அடையாள அட்டையே அவர் கையில் இருந்திருக்கும். விடுபட்ட பிறகு எடுத்த அடையாள அட்டையில் எழுத்துக்கூட்டல் மாறியிருக்க வாய்ப்புண்டு. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று அக்குவான் பெர்க்கானுன் என்ற சட்டப்படியான உறுதிமொழி ஒன்று எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பெரியவரே கையெழுத்திட வேண்டும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான வாசகம் ஆணையரிடமே இருக்கும்.

அந்த உறுதிமொழியிலேயே அவருடைய காங்கோ நினைவுகளையும் எழுதச் சொல்வேன். எந்த ஊரில் முகாம், யார் ஸ்குவாட்ரன் தலைவர், எந்த வண்டி ஓட்டினார், பதக்க அணிவகுப்பு மழைக்காலத்திலா வெயில்காலத்திலா என அவர் கண்டதை மட்டும் எழுதுங்கள். பிறர் சொல்லிக் கேட்டதைச் சேர்க்க வேண்டாம். சரியான தேதி நினைவில்லை என்றால் "தீபாவளிக்குப் பிறகு" என்றே எழுதலாம். பிள்ளைகள் இணையத்தில் பார்த்துத் தேதியை நிரப்பிக் கொடுப்பதுதான் கெடுதல். பதிவோடு ஒரு நாள் முரண்பட்டாலும் மற்றதெல்லாம் பலவீனமாகும். அவரோடு போன தோழர் யாராவது இன்றும் இருந்தால் அவரிடமும் இப்படி ஒன்று வாங்குங்கள். தோழருடைய படை எண்ணும், அவர் அங்கே இருந்த காலமும் அதில் இருக்க வேண்டும். அவருடைய ஏட்டில் காங்கோ பதிவாகியிருந்தால், உங்கள் அப்பாவின் பெயரைத் தேட வேண்டிய பட்டியல் எது என்பது ஆவணப் பிரிவுக்குத் தெரிந்துவிடும். முன்னாள் வீரர் சங்கத்தின் கிளையில் விசாரித்தால் பழைய ரெக்கி ஆட்களைக் கண்டுபிடிக்கலாம்.

கடிதத்தை மலாய்மொழியில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எண், பெயர்கள், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், அணிகள், காங்கோவில் இருந்த காலம், விடுபட்டிருக்கும் பதிவு, வேண்டும் திருத்தம் என்ற வரிசை போதும். முதலில் பதிவுத்தாளின் நகலைக் கேளுங்கள்; அது கைக்கு வந்த பிறகு எந்த வரி இல்லை என்று சுட்டித் திருத்தம் கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால், "பதிவில் இல்லை" என்ற ஒரே வரியில் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். முன்னாள் வீரர் விவகாரத் துறையின் மாநில அலுவலகம் வழியாக அனுப்பலாம், ஆனால் திருத்தும் அதிகாரம் ஏட்டை வைத்திருக்கும் ஆவணப் பிரிவுக்கே உண்டு. கடிதம் ஜாலான் பாடாங் தெம்பாக்கில் உள்ள தற்காப்பு அமைச்சுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும். கூட்டரசுப் பிரதேசத்தில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் உள்ள ஆர்க்கிப் நெகாரா என்ற நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசுக் கோப்புகளைத் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. ஸ்குவாட்ரன் புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் அதில் கிடைத்தால் 90 நாள் கணக்கு நேராகிவிடும்.

அசல் காகிதம் எதையும் அனுப்பாதீர்கள். என் சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஓர் அலுவலகம் கேட்டது என்று அப்படியே தபாலில் அனுப்பினோம். அது திரும்பி வரவே இல்லை. வந்து சேரவில்லை என்றார்கள், பிறகு வேறு பிரிவுக்குப் போனது என்றார்கள், பிறகு கேட்பதற்கே ஆள் இல்லை. அவர் இறக்கும்வரை அந்தப் புத்தகத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். உறுதி செய்யப்பட்ட நகல்களை மட்டும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு குத்தி வையுங்கள்.

இடையில் யாராவது பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறோம் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடையில் விற்கும் பதக்கத்தை வாங்கி அணிவிக்கும் ஆசையும் வேண்டாம். உரிமையில்லாத விருதை அணிவதைக் குற்றமாக்கி 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதற்கும் மேலாக, உழைத்துப் பெற்றதை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆக்குவது அவருக்குச் செய்யும் அநீதி. பதிவு திருத்தப்பட்டு எழுத்தில் பதில் வந்த பிறகு, தொலைந்ததற்கு மாற்றுப் பதக்கம் பெறும் வழியை அந்தக் கடிதத்தை வைத்தே கேளுங்கள்.

வேலையைத் தொடங்குவது பதக்கத்தின் விளிம்பிலிருந்து. அதில் உள்ள எண்ணையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பதிவுத்தாளின் நகலைக் கேட்டு இந்த வாரமே எழுதலாம். வேறாக இருந்தால் இரண்டையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அதற்கு முன், பெரியவர் தெளிவாகப் பேசும் ஒரு காலைப்பொழுதில் பக்கத்தில் உட்கார்ந்து, காங்கோவைப் பற்றி அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆணையரிடம் போவதற்கான வாசகத்தை அதிலிருந்து எழுதிக்கொள்ளலாம்.